இயந்திரம் வாசிக்கும் 'ரொறன்ரோ': செயற்கைக் குரலும் நம் பிள்ளைகளின் காதும்

உரைக்குள் போகும் முன் ஒரு சின்னச் சோதனை. கைபேசியிலோ கணினியிலோ தமிழை வாசித்துக் காட்டும் ஏதாவது ஒரு செயலியைத் திறந்து 'ரொறன்ரோ' என்று எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 'காற்று', 'வெற்றி' என்ற இரண்டு சொற்களையும் கொடுத்துக் கேளுங்கள். இப்போதே செய்யலாம். நான் காத்திருக்கிறேன்.

ஈழத்தில் 'ற்ற' என்பதை நுனிநாக்கை மேலண்ணத்தின் முன்பகுதியில் அழுத்தி, ஆங்கிலத்தின் 'ரீ' எழுத்து ஒலிக்கு மிக நெருக்கமாகச் சொல்லுவோம். தமிழ்நாட்டில் புத்தகம் வாசிக்கும்போது அதே எழுத்துகள் 'ட்ர' போல ஒலிக்கும். றகரம் வல்லினம் என்று தொல்காப்பியத்திலிருந்து படித்துவருகிறோம். அந்த வல்லினம் எங்கள் வாயில் இன்னும் வல்லினமாகவே இருக்கிறது. அதனால்தான் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுத வேண்டி வந்தபோது ஈழத்தவருக்கு டகரத்தைவிட றகரம் பொருத்தமாகப் பட்டது. றகரம் சொல்லுக்கு முதலில் வராது. ரகரமாவது வடசொற்களில் பழகியிருந்தது. ஆகவே முதலில் ரகரம், நடுவிலும் கடைசியிலும் றகரம்: ரிக்கற், ரெலிபோன், பற்றரி, ரொறன்ரோ. இந்த வழக்கம் தெரியாத தமிழ்நாட்டு நண்பர் இதை வாசித்தால் இது எந்த ஊர் என்று கேட்பார். அவருக்கு அது டொராண்டோ. தமிழ்நாட்டு வாசிப்பைக் கேட்டுப் பயின்ற இயந்திரக் குரலும் அவரைப் போலவே ரகரத்தை ரகரமாக உருட்டிவிட்டுப் போகும்.

இதைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம். ஆனால் ஸ்காபரோவில் பிறந்த ஒரு எட்டு வயதுப் பிள்ளை தமிழ் எழுத்தைப் பார்த்து, அதை எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல், ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்கிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு இனி அதுதான் தமிழின் சரியான ஒலி. வீட்டில் அம்மம்மா சொல்லும் 'காற்று' பிழையாகிவிடும். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். செயற்கைக் குரல் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். அது ஏற்கெனவே பிள்ளைகளின் கையில் இருக்கிறது. கேட்டல் பயிற்சிக்கும் உச்சரிப்புப் பயிற்சிக்கும் அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதே என் கேள்வி.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒன்ராறியோ மாகாணத்தில் மரபுமொழி வகுப்புகளுக்கு அரசு உதவி 1977இல் தொடங்கியது. இன்று அது சர்வதேச மொழிகள் திட்டம் என்ற பெயரில் பாடசாலைச் சபைகளின் ஊடாக நடக்கிறது. நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழுக்குப் போவது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில்தான். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடங்கள். வகுப்பில் 20 பிள்ளைகள் என்றால், ஆசிரியர் வேறு எதுவுமே செய்யாமல் ஒவ்வொருவரையும் பேசவைத்துத் திருத்தினாலும் ஒரு பிள்ளைக்கு ஏழரை நிமிடம். இடைவேளை, வரவுப் பதிவு, எழுத்துப் பயிற்சி, கலைவிழா ஒத்திகை எல்லாம் போனால் இரண்டு நிமிடம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். உச்சரிப்பு என்பது காதும் நாக்கும் நூறு தடவை, இருநூறு தடவை செய்து பழகும் வேலை. அதற்கு இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு?

முந்தைய தலைமுறைக்கு இந்த வேலையை வானொலி செய்தது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களைக் கேட்டு லகர ளகர வேறுபாட்டைப் பிடித்தவர்கள் இந்த அமர்விலேயே பலர் இருப்பீர்கள். ஆனால் வானொலி திருப்பிச் சொல்லாது. மெதுவாகச் சொல்லு என்றால் கேட்காது. நீங்கள் கற்பிக்க விரும்பும் சொல்லை அது எப்போது சொல்லும் என்றும் தெரியாது. செயற்கைக் குரலின் வசதி இங்கேதான். ஆசிரியர் இன்று காலை எழுதிய பாடத்தை மாலையில் பிள்ளை கேட்கலாம், பத்துத் தடவை கேட்கலாம், அலுக்காமல் அதே குரல் சொல்லும்.

இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசும் இயந்திரம் புதிய ஆசை இல்லை. 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வுகூடத்தின் 'வோடர்' என்ற கருவியைப் பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளை அழுத்திப் பேசவைத்தார்கள். பிறகு வந்த கணினிக் குரல்களில் ஒரு வகை, ஒலிப்பு விதிகளை எழுதிக்கொடுத்து ஒலியை உருவாக்குவது. பார்வையற்றோர் திரைவாசிப்புக்குப் பயன்படுத்தும் ஈஸ்பீக் இந்த வகை. தமிழும் அதில் உண்டு, தகரக் குரலில். இன்னொரு வகை, ஒருவரைப் பல மணி நேரம் வாசிக்கவைத்து, அந்தப் பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டி, வேண்டியபடி ஒட்டுவது. சென்னை ஐஐடி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு இப்படிப்பட்ட ஒலித்தொகுப்புகளை உருவாக்கின. 2016இல் கூகுளின் டீப்மைண்ட் 'வேவ்நெட்' என்ற முறையை வெளியிட்ட பிறகு காற்று திசை மாறியது. வெட்டி ஒட்டுவதை விட்டு, மனிதப் பதிவுகளைக் கேட்டு அதைப் போன்ற ஒலியலையைப் புதிதாக உண்டாக்க இயந்திரம் பழகிக்கொண்டது. இன்று நாம் கேட்கும் மெருகான குரல்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இங்கே ஆசிரியர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தது யாரோ ஒருவர் எதையோ வாசித்த விதம். யார், எதை என்ற இரண்டு கேள்விகளையும் எந்தக் குரலைப் பார்த்தும் கேட்கலாம். 2023இல் மெட்டா நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளுக்குக் குரல் மாதிரிகளை வெளியிட்டது. தமிழும் அதில் இருக்கிறது. அவ்வளவு மொழிகளுக்கும் பொதுவாகக் கிடைத்த ஒலிப்பதிவு எது? புதிய ஏற்பாட்டின் வாசிப்பு. அதாவது அந்தக் குரல்கள் வேதாகமம் வாசித்துப் பழகியவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'அண்ணை, பஸ் வந்திட்டுதோ?' என்பதை அந்தக் குரலில் வாசிக்கவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மைக்ரோசொப்டின் அசூர் சேவையில் தமிழுக்கு நான்கு நாட்டு அடையாளங்களில் எட்டுக் குரல்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு பல்லவி, வள்ளுவர். இலங்கைக்கு சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்கு கனி, சூர்யா. வள்ளுவருக்கு இப்படியொரு மறுபிறவி கிடைக்கும் என்று யார் கண்டது! கனடாத் தமிழுக்குக் குரல் இல்லை, அது பெரிய குறையுமில்லை. ஆனால் நான்கு நாட்டுத் தமிழ் ஒரே இடத்தில் கிடைப்பது ஆசிரியருக்கு உண்மையான வாய்ப்பு. சரண்யாவையும் பல்லவியையும் ஒரே பத்தியை வாசிக்கவைத்துப் பிள்ளைகளிடம் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். அதே வேளை 'இலங்கை' என்ற முகப்புச் சீட்டை நம்பி ஏமாறவும் கூடாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், வன்னி, முஸ்லிம் மக்களின் தமிழ் எல்லாம் ஒரே ஒலி இல்லை. மட்டக்களப்புத் தமிழ்தான் பேச்சுத் தமிழ்களுக்குள் இலக்கியத் தமிழுக்கு மிக அருகில் இருப்பது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். ஒரு பெண் குரலும் ஒரு ஆண் குரலும் இவ்வளவையும் தாங்க முடியாது.

அடுத்தது எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் சிக்கல். 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் இயந்திரம் அப்படியே வாசிக்கும், அழகாகவே வாசிக்கும். ஆனால் அப்படிச் சொல்லும் மனிதரைப் பிள்ளை எந்த வீட்டிலும் சந்திக்காது. அப்பப்பா 'வந்துகொண்டிருக்கிறன்' என்பார், அல்லது 'வாறன்' என்பார். கேட்டல் பயிற்சியின் நோக்கம் அப்பப்பாவைப் புரிந்துகொள்வது என்றால், பயிற்சிப் பாடமும் அப்பப்பாவின் தமிழில் இருக்க வேண்டும். தீர்வு எளிது: பேசுகிறபடியே எழுதிக் கொடுங்கள். 'எங்கே போகிறாய்?' என்பதற்குப் பதில் 'எங்க போறாய்?' 'சாப்பிட்டாயா?' என்பதற்குப் பதில் 'சாப்பிட்டியோ?' ஒலியை ஒட்டி எழுதினால் இயந்திரம் ஓரளவுக்குச் சரியாகவே சொல்லும்.

பேச்சுத் தமிழை எழுதுவது என்ன புதிய காரியமா? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் நாடகங்கள் எழுதினார். கே. டானியல் தன் நாவல்களின் மாந்தர்களை அவர்களுடைய வாய்மொழியிலேயே பேசவிட்டார். அந்தக் காலத்தில் இழிசனர் வழக்கு என்று ஏசியவர்களும் உண்டு. இன்று அந்த எழுத்தாளர்கள் பேச்சு ஒலிக்குத் தேடிக் கண்டுபிடித்த எழுத்து வடிவங்கள் ஒரு இயந்திரத்துக்குப் பாடம் சொல்ல உதவுகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். நம் எழுத்தாளர்கள் 'எங்கை', 'இஞ்சை' என்று ஐகாரம் போட்டு எழுதுவது வழக்கம். வாசிக்கும் ஈழத்தவர் அதை ஐகாரக் குறுக்கமாகத் தானே குறைத்துக்கொள்வார். இயந்திரம் குறைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; கடைசி 'ஐ'யை நீட்டி முழக்கக்கூடும். கேட்டுப் பார்த்து, எழுத்தை மாற்றி, திரும்பக் கேட்டு அனுப்புங்கள்.

இராகம் வேறு கதை. 'சாப்பிட்டியோ?' என்பதில் அக்கறை, கோபம், சும்மா விசாரிப்பு மூன்றும் இராகத்தில்தான் இருக்கின்றன. வாசிப்புப் பதிவில் பயின்ற குரல்களிடம் அந்தச் செல்வம் குறைவு. இதை அவை இப்போதைக்குக் கற்பிக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு. தமிழில் ககரம் ஒன்றுதான். 'கல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் ஒரு ஒலி, 'பகல்' என்பதில் இன்னொரு ஒலி, 'பக்கம்' என்பதில் மறுபடி முதல் ஒலி. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்தை அடுத்து மென்மை, உயிர்களுக்கு நடுவே தேய்வு. இதை விதியாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை கொட்டாவி விடும். ஒரே குரலில் நாற்பது சொற்களைக் கேட்கவைத்து, இந்த எழுத்து எங்கே எப்படி மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளை விதியைத் தானே சொல்லிவிடும். சொந்தச் சொற்களில் இயந்திரம் இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்யும். வந்தேறு சொற்களிலும் பெயர்களிலும்தான் தடுமாறும். 'காந்தி', 'பாரதி', 'பஸ்' ஆகியவற்றின் முதலெழுத்து எப்படி ஒலிக்க வேண்டும் என்பது எழுத்தில் இல்லை. 'பாவம்' என்று எழுதினால் அது புண்ணியத்தின் எதிரா, பரதநாட்டிய மேடையில் காட்டும் பாவமா? வசனத்தைப் பார்த்து நாம் முடிவு செய்கிறோம். இயந்திரம் சில வேளை செய்யும், சில வேளை செய்யாது. ஆகவே இலக்கியப் பாடங்களைக் கொடுக்கும்போது பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

காதுக்கு வருவோம். உச்சரிப்பின் பாதி காதில் இருக்கிறது. வன்கூவரில் ஜனற் வேர்க்கர், ரிச்சட் ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு மொழியியலில் பெயர்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு இந்தியின் பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் போட்டுக் காட்டினார்கள். ஆறேழு மாதத்தில் அந்தக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. முதலாவது பிறந்தநாளை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது கேட்கவில்லை. இந்தத் த–ட வேறுபாடு அப்படியே தமிழிலும் இருக்கிறது. ல–ள, ன–ண எல்லாம் அதே குடும்பம். சனிக்கிழமை வகுப்பில் 'பல்லி'யையும் 'பள்ளி'யையும் ஒன்றாகச் சொல்லும் பிள்ளைக்குச் சோம்பலும் இல்லை, தடித்த நாக்கும் இல்லை. அதன் காதுக்கு அவை ஒன்றாகவே கேட்கின்றன. கேட்காத வித்தியாசத்தை வாய் எப்படிச் செய்யும்?

ஆனால் கதவு முற்றாகப் பூட்டப்படுவதில்லை. சின்ன வயதில் ஒரு மொழியைப் பேசாமல் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், பெரியவர்களாகி அதைப் படிக்கும்போது உச்சரிப்பில் முந்துகிறார்கள் என்று ஸ்பானிய மொழியை வைத்து 2002இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள். அம்மம்மா தொலைபேசியில் கதைப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இந்த வகை. இவர்களுக்கு வேண்டியது விதைப்பு இல்லை, தண்ணீர்.

என்ன வகைத் தண்ணீர்? ஆங்கிலத்தின் 'ஆர்', 'எல்' ஒலிகளைப் பிரித்துக் கேட்க முடியாத யப்பானியர்களுக்கு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பிசோனி குழுவினர் பயிற்சி கொடுத்தார்கள். 1991இலும் 1993இலும் வந்த அந்த ஆய்வுகள் சொன்னது இதுதான்: பலருடைய குரலில் கேட்டுப் பழகியவர்கள் புதிய ஆளின் பேச்சிலும் வித்தியாசத்தைப் பிடித்தார்கள். ஒரே ஆளின் குரலில் பழகியவர்கள் அந்த ஆளிடம் மட்டும் பிடித்தார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற நிலையில் இதைச் செய்வது கடினம். செயற்கைக் குரல்களை வைத்து ஒரு மாலையில் செய்துவிடலாம். படம், பாடம், பட்டம் என்று மூன்று சொற்கள். ஆங்கிலக் காதுக்கு மெய் இரட்டிப்பதும் குறில் நெடில் மாறுவதும் பொருளை மாற்றும் என்பதே புதுச் செய்தி. எட்டுக் குரலில் கலந்து போடுங்கள். பிள்ளை கேட்டது எது என்று படத்தைத் தொடட்டும். புலி–புளி, மனம்–மணம், கனி–கன்னி, நாடு–நடு என்று தொடரலாம். கடைசிச் சோடி முக்கியம். 'நாடு' என்பதன் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம். 'நடு' என்பதில் முற்றியலுகரம். ஆங்கில எழுத்தில் தமிழ் படித்த பிள்ளைகள் இரண்டிலும் உதட்டைக் குவித்து 'ஊ' போடுவார்கள். இலக்கணப் புத்தகத்தில் செத்துக் கிடக்கும் மாத்திரைக் கணக்கு இங்கே உயிரோடு கேட்கும்.

வேகத்தைக் குறைக்கும் வசதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அளவோடு பயன்படுத்துங்கள். நல்ல ஆசிரியர் மெதுவாகச் சொல்லும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவார், குறிலைக் குறிலாகவே வைப்பார். இயந்திரம் எல்லாவற்றையும் இழுக்கும். பாதி வேகத்தில் போட்டால் தனியாக வரும் 'படம்' கிட்டத்தட்டப் 'பாடம்' ஆகிவிடும். அதைவிட வசனத்தை இரண்டு மூன்று துண்டுகளாக உடைத்து, நடுவில் மௌனம் விட்டு, இயல்பான வேகத்தில் கேட்கவைப்பது மேல்.

உச்சரிப்பைத் திருத்தும் பக்கத்தில் நான் கடுமையான சந்தேகக்காரன். பிள்ளை பேச, இயந்திரம் அதை எழுத்தாக்க, எழுத்துச் சரியாக வந்தால் உச்சரிப்பும் சரி என்று ஒரு முறை இப்போது பரவலாகிவிட்டது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களின் வேலையே பிழையைப் பொறுத்துக்கொள்வது. பிள்ளை 'வாலைப்பலம் சாப்பிட்டேன்' என்று சொன்னால், சாப்பிடுவதற்கு ஏற்றது எது என்று சூழலைப் பார்த்து அது 'வாழைப்பழம்' என்று எழுதிக் கொடுக்கும். எழுதுவினைஞருக்கு அது திறமை. வாத்தியாருக்கு அது குற்றம். சூழல் இல்லாத தனிச் சொற்களை, 'வலி', 'வளி', 'வழி' என்று சோடி சேர்த்துச் சொல்லவைத்தால் ஓரளவுக்கு உண்மை வெளிவரும். அப்போதும் மதிப்பெண்ணை நம்பிப் பிள்ளையைப் பாராட்டவோ கண்டிக்கவோ வேண்டாம். பிள்ளை தன் குரலைப் பதிவு செய்து, மாதிரிக் குரலையும் தன் குரலையும் அடுத்தடுத்துப் போட்டுத் தானே ஒப்பிட்டுக் கேட்பது எவ்வளவோ பயன் தரும். அதற்குப் பழைய ஒலிப்பதிவுப் பெட்டியே போதும்.

ழகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. 'வாளைப்பளம்' என்று அம்மம்மா சொல்லுவது அவருடைய வழக்கு. மேடையில் கவிதை வாசிக்கும் பிள்ளைக்கு ழகரம் வேண்டும், கட்டாயம் கற்பியுங்கள். ஆனால் அதை வைத்து அம்மம்மாவைத் திருத்தும் அதிகாரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சொந்தப் பேச்சில் 'காற்று' என்பதன் வல்லினத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதே அம்மம்மாதான்.

மனிதர் இல்லாத குரலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பற்றீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் இருந்து கதை சொல்லி விளையாடினார். அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைக் காணொலியிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் பிடிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் தொட்டில் குழந்தைக்குச் செயலி போட்டுவிட்டால் தமிழ் வரும் என்று நினைக்கும் இளம் பெற்றோருக்குப் பொருந்தும்.

ரொறன்ரோவில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காமல் இருக்க முடியாது. 'ரொறன்ரோ' என்ற பெயரே மோகாக் மொழியின் 'ற்கரோன்ரோ' என்பதிலிருந்து வந்தது என்பர். தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள். அந்த மொழியின் சொந்தப் பெயர் கனியென்கேஹா. இங்கிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றரில், சிக்ஸ் நேஷன்ஸ் நிலத்தில், ஒங்க்வவென்னா கெந்தியோக்வா என்ற பள்ளி பெரியவர்களுக்கு அதை முழுநேரமாகக் கற்பிக்கிறது. அந்த மொழியில் ஒரு வினையடி யார் யாருக்குச் செய்தார் என்பதையெல்லாம் தனக்குள் சேர்த்துக்கொண்டு விரியும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அந்தப் பள்ளியோடு சேர்ந்து 'கவென்னோன்னிஸ்' என்ற வினைத்திரிபுக் கருவியைச் செய்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வடிவங்களை அது எழுத்தில் காட்டும். படிப்பவர் உடனே கேட்கும் கேள்வி, இதை எப்படிச் சொல்லுவது? இரண்டு இலட்சம் சொல்லை யாரைப் பிடித்து வாசிக்கவைப்பது? அதற்குத்தான் அவர்கள் செயற்கைக் குரலை நாடினார்கள். மூன்று முதற்குடி மொழிகளை எடுத்து 2022இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சில மணி நேரப் பதிவுகூடப் பயன்படும் குரலை உருவாக்கப் போதும் என்று காட்டினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வரிசை. முதலில் பள்ளி, பிறகு படிப்பவரின் தேவை, அதன் பிறகுதான் குரல். நாங்களோ எதிர்ப்பக்கமாக வருகிறோம்: யாரோ எங்கோ விற்கும் குரலை எடுத்து வந்து, இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம். மோகாக் மொழியோடு ஒப்பிட்டால் தமிழ் பேசுவோர் எண்ணிக்கை கடல். கனடாவில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழைத் தாய்மொழியாகச் சொல்லுகிறோம். சில மணி நேரப் பதிவு போதும் என்றால், யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று, மலையகத்துக்கு ஒன்று என்று குரல் செய்வது நடக்காத காரியமா? நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்தில் வாய்மொழி வரலாறுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. மொசில்லாவின் 'கொமன் வொய்ஸ்' தளத்தில் யாரும் தமிழ் வசனங்களை வாசித்துக் கொடுக்கலாம். அந்தத் தொகுப்பு எல்லோருக்கும் திறந்தது. நம் மூத்தவர்கள் பத்துப் பேர் அதில் வாசித்தால்கூட நாளைய குரல்களுக்கு ஈழத்துக் காது கொஞ்சம் கிடைக்கும்.

ஆனால் குரல் ஒருவருடைய உடைமை. மூன்று விநாடிப் பதிவிலிருந்து ஒருவரின் ஆங்கிலக் குரலைப் போலச் செய்து காட்டியதாக மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்தார்கள். பேரப்பிள்ளையின் குரலில் பேசி முதியவர்களிடம் பணம் பறிக்கும் மோசடி இந்த நாட்டில் நடக்கிறது. வகுப்புப் பிள்ளைகளின் குரலை இலவசச் செயலிகளில் ஏற்றும் முன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அம்மம்மாவின் குரலைப் பதிவதென்றால் எதற்காக என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இறந்துபோன ஒருவரின் குரலில் பிள்ளைக்குப் பாடம் சொல்லவைப்பது பற்றி என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். தொழில்நுட்பம் இடம் கொடுக்கும். எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரை 'காற்று, வெற்றி, நேற்று, கன்று, ரொறன்ரோ, வாழைப்பழம், எங்க போறாய்' என்று சொல்லவைத்துக் கைபேசியில் பதியுங்கள். தொடக்கத்தில் அவரே தன் பெயரையும் பிறந்த ஊரையும் திகதியையும் சொல்லட்டும். அதே பட்டியலைச் சரண்யாவிடமும் பல்லவியிடமும் கொடுங்கள். மூன்று பதிவையும் பிள்ளையிடம் போட்டு, எது யாருடைய தமிழ் என்று கேளுங்கள். அடுத்த அமர்வுக்கு அந்தப் பதில்களோடு வாருங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.